பாய் விரித்து ஆடும் ஆட்டத்துக்கு எத்தனை விதி?

கற்பனை உலகக் கதாபாத்திர ஆட்டம் ஒன்றுக்கு எத்தனை பக்கம் விதி வேண்டும் என்று கேட்டால், நாற்பது பக்கப் பள்ளி நோட்டில் அடங்கினால் போதும் என்பது என் கட்சி. எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஆடுகிற குழுவில் பாதிப் பேர் இதை ஏற்பதில்லை. எதிர்க்கட்சித் தலைவன் என் சித்தி மகன். தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறான். அவனுடைய மடிக்கணினியில் ஆயிரம் பக்க விதி இருக்கிறது. எந்த மந்திரம் எந்தப் பக்கத்தில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். இது அவனோடு நடக்கும் வழக்கில் என் வாதம். அவன் வாதத்தில் எனக்குப் பதில் இல்லாத இடமும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாலைந்து பேர் உட்காருகிறோம். ஒருவர் நடுவர், எங்கள் குழுவில் பெரும்பாலும் நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரம் கற்றவர், ஒருவர் திருடர். நடுவர் சூழலைச் சொல்லுவார்: “இருட்டிவிட்டது. ஆற்றங்கரை மண்டபத்துக்குள் விளக்கு எரிகிறது. உள்ளே யாரோ இருமுகிறார்கள். என்ன செய்கிறீர்கள்?” அவரவர் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று ஐயம் வருகிற இடத்தில் பகடை உருளும். வென்றவர் தோற்றவர் என்று யாரும் இல்லை. கதை அடுத்த முறைக்கு நீளும்.

எங்கள் கதை சோழர் காலச் சாயல் உள்ள ஒரு கற்பனை நாட்டில் நடக்கிறது. பூதங்கள் உண்டு, யாளிக்கு உயிர் உண்டு. ஆறுகள் மட்டும் நம்முடையவை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரியும், கல்லணையில் வெண்ணாறு பிரியும், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் அந்த வெண்ணாறே கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி கிளைக்கும். கல்லணைக் கால்வாய்க்கு இடமில்லை. அது மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டிய புது ஆறு. பூதங்களின் காலத்தில் அதைக் கொண்டுவந்தால் எங்கள் குழுவின் மூத்தவர் எழுந்து போய்விடுவார். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகுக் கதவுகளை ஏற்றி இறக்கியே வாழ்க்கையைக் கழித்தவர். உறவில்லை, ஆனால் எல்லோருக்கும் மாமா. இந்தக் கட்டுரையில் அவர் அடிக்கடி வருவார்.

முதலில், விதிப் புத்தகம் எப்படி இவ்வளவு பருத்தது என்பதைப் பார்க்கலாம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டபோது ஒரு சிறிய பெட்டிக்குள் மூன்று மெல்லிய புத்தகங்கள்தான் இருந்தன. சண்டைக்கு, 1971இல் வெளிவந்திருந்த ‘செயின்மெயில்’ என்ற பொம்மைப்படை ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு நிறுவனம் விற்ற பலகை ஆட்டத்தின் வரைபடத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள். இடையில் எத்தனையோ ஓட்டைகள். வாங்கியவர்கள் அவரவர் வழக்கப்படி அடைத்துக்கொண்டார்கள். நம் வீடுகளில் தாயம் ஆடுவதில்லையா? ஒரு வெட்டாவது வெட்டாமல் காய் உள்ளே போகக் கூடாது என்பது ஒரு தெருவில் சட்டம். அடுத்த தெருவில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பார்கள். கல்யாண வீட்டில் இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து ஆட உட்கார்ந்தால்தான் சிக்கல்.

அமெரிக்காவிலும் அந்தச் சிக்கல் வந்தது. ஊர் விட்டு ஊர் போய் ஆடுகிறவர்கள் பெருகினார்கள், போட்டிகள் நடந்தன, எல்லா ஊருக்கும் ஒரே சட்டம் வேண்டியிருந்தது. 1977 முதல் 1979 வரை மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்கள் வந்தன. அதற்கு நேர் எதிராக, 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த தொடக்கநிலைப் புத்தகம் 64 பக்கத்தில் முடிந்தது. பாத்திரங்களின் முதல் மூன்று நிலைகளுக்கு மட்டும்தான், இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு அன்றைக்கே ஆடத் தொடங்கலாம். 1989 முதல் வீரருக்கு ஒன்று, திருடருக்கு ஒன்று என்று தொழில்வாரிக் கையேடுகள் வந்து குவிந்தன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆட்டக்காரருக்கான புத்தகம் 320 பக்கம், நடுவருக்கானது 320, அரக்கர்களுக்கானது 352. கூட்டினால் 992. சித்தி மகனின் ஆயிரம் பக்கம் இதுதான்.

பருத்ததற்கு வியாபாரமும் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு குழுவில் நடுவர் ஒருவர், ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர். நடுவருக்கான புத்தகத்தைவிட ஆட்டக்காரருக்கான புத்தகம் அதிகம் விற்கும். புதிய தொழில், புதிய மந்திரம், புதிய ஆயுதம் என்று கொடுத்துக்கொண்டே இருந்தால் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். சவுளிக்கடைக்காரருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் வியாபாரம் முழுக் காரணம் இல்லை. விதி வளர இன்னொரு வழி உண்டு. அதற்கு நம் ஊரிலேயே கல்வெட்டுச் சான்று இருக்கிறது.

உத்திரமேரூர் டெல்டாவில் இல்லை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை ஆண்டது நம் சோழர். முதலாம் பராந்தகன் காலத்தில் அந்த ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள், 919இல். இரண்டே ஆண்டுகளில், 921இல், மறுபடி வெட்டினார்கள். முதலில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருந்தது. இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறியது. விதியும் நீண்டது. கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை; அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவுமுறைப் பட்டியல் போகிறது. அந்தப் பட்டியலைப் படிக்கிறவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. யாரோ ஒருவர் கணக்குக் காட்டாமல் ஒதுங்கிக்கொண்டு தன் சித்தி மகனை நிறுத்தியிருப்பார். சித்தி மகன்கள் அன்றைக்கும் அப்படித்தான்.

ஆயிரம் பக்கத்தில் ஒரு நல்ல பகுதி இப்படி வந்ததுதான். எங்கோ ஒரு கெட்டிக்காரர் ஓட்டையைக் கண்டுபிடித்திருப்பார்; அடுத்த பதிப்பில் அதற்கு ஒரு பத்தி சேர்ந்திருக்கும். நியாயமான பத்திதான். ஆனால் அந்தக் கெட்டிக்காரர் என் பாயில் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் செய்த வேலைக்கு நான் ஏன் பக்கம் புரட்ட வேண்டும்?

இந்த எரிச்சல் எனக்கு மட்டும் வந்ததில்லை. பிரஷ்யப் படை அதிகாரிகளுக்கு எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824இல் போர்ப் பயிற்சிக்காக ஓர் ஆட்டம் வகுத்துக் கொடுத்தார். வரைபடம், படைக் குறிகள், பகடை, இழப்புகளைக் கணக்கிட அட்டவணைகள், நடுவில் ஒரு நடுவர். இன்றைய ஆட்டங்களின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம். காலப்போக்கில் அட்டவணைகளைப் புரட்டியே பயிற்சி நேரம் போனது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணைகள் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் போதும் என்று வாதிட்டார். இதே எண்ணம் 2008இல் மேத்யூ ஃபின்ச் எழுதிய சிறு கையேட்டில் திரும்பி வந்தது: விதியைத் தேடாதே, தீர்ப்பு சொல். அதன் பிறகு மெலிந்த ஆட்டங்கள் வரிசையாக வந்தன. ஜான் ஹார்ப்பரின் விண்வெளி ஆட்டம் ஒன்று ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

வெர்டி சொன்னதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அவருடைய நடுவர்கள் போரைப் பார்த்தவர்கள். ஒரு குதிரைப்படை ஈர வயலில் எவ்வளவு தூரம் ஓடும் என்பது அவர்களுக்கு அட்டவணை இல்லாமலே தெரியும். அந்த நிபந்தனையை எங்கள் பாய்க்குக் கொண்டுவந்து பார்த்தேன்.

ஒருமுறை எங்கள் ஆட்டக்காரர்கள், எதிரிகளின் பாசறை வெண்ணாற்றுக் கரைக்குக் கீழே தாழ்ந்த பக்கத்தில் இருப்பதைக் கண்டு, இரவோடு இரவாகக் கரையை உடைத்து வெள்ளத்தை உள்ளே விடுவதென்று முடிவு செய்தார்கள். சித்தி மகன் தன் புத்தகத்தில் தேடத் தொடங்கினான். சுவருக்கு எத்தனை உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்), மண்வெட்டியால் ஓர் அடிக்கு எவ்வளவு சேதம் என்றெல்லாம் அதில் வழி உண்டு. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“கரையின் தலையில் வெட்டாதீர்கள். விடிந்துவிடும்” என்றார் மாமா. “அடியில் நண்டு வளையோ எலி வளையோ இருக்கும், அதைத் தேடுங்கள். வளையைக் குத்திப் பெரிதாக்கினால் கசிவு தொடங்கும். கசிகிற நீர் தெளிவாக இருக்கிறவரை ஒன்றும் ஆகாது. கலங்கி வந்தால் கரைக்குள் மண் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது நீங்கள் அங்கே நிற்கக் கூடாது.”

அடுத்த ஒரு மணி நேரம் பாயில் யாரும் எழுந்திருக்கவில்லை. இருட்டில் நாணலைக் கையால் தடவி வளை தேடுகிறார்கள். ஒருவர் நீரை உள்ளங்கையில் ஏந்தி நிலா வெளிச்சத்தில் தெளிவா கலங்கலா என்று பார்க்கிறார். காவல் சுற்றி வருகிறவனின் தீவட்டி நெருங்குகிறது. பகடையை நாங்கள் அந்தக் காவலனுக்காகத்தான் உருட்டினோம். கரைக்கு உருட்டவே இல்லை. எந்தப் பதிப்பின் எந்தப் பக்கத்தாலும் அந்த ஒரு மணி நேரத்தைத் தந்திருக்க முடியாது. எங்கள் நோட்டில் கரை உடைப்புக்கு இன்றுவரை விதி கிடையாது, தேவையும் இல்லை.

வாள் சண்டை அப்படி இல்லை. எங்களில் யாரும் வாளைத் தூக்கியது கிடையாது. கேடயம் பிடித்தவனின் தோள் எப்போது தளரும், இரும்புக் கவசத்தோடு எவ்வளவு தூரம் ஓடலாம், எதுவும் தெரியாது. தெரியாதவர்கள் நாலு பேர் கூடித் தீர்ப்பு சொன்னால் சினிமாச் சண்டைதான் வரும். ஆகவே சண்டைக்கு விதி வைத்திருக்கிறோம், ஆறேழு பக்கம். மந்திரம் இன்னும் மோசம். அதை அறிந்தவர் உலகத்திலேயே இல்லை. அனுபவத்தை எங்கே போய்க் கேட்பது? எனவே மந்திரத்துக்கு விதி கட்டாயம். ஆனால் சித்தி மகனின் புத்தகத்தில் இருப்பதுபோல முந்நூறுக்கு மேல் மந்திரங்கள் தேவையில்லை. எங்களிடம் ஆறு உண்டு. ஆறும் ஒன்றுக்கொன்று பகை. மழையை நிறுத்தும் மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சொன்ன இடத்தில் ஒரு நாழிகை மழை நிற்கும், நின்ற மழை மூன்று நாளைக்குள் வேறோர் ஊரில் இரட்டிப்பாகக் கொட்டும், எந்த ஊர் என்பதைப் பகடை சொல்லும். இந்த மூன்று வரியால் எங்கள் கதையில் ஒரு கிராமமே பகையாகிவிட்டது. தை அறுவடை முடிந்து ஆனி வரை அந்தப் பகையை வைத்தே ஆடினோம்.

பகடை என்று சொல்லிவிட்டேன். இருபது முகப் பகடையை இணையத்தில் வாங்கலாம், சித்தி மகன் வாங்கியும் வைத்திருக்கிறான். நாங்கள் உருட்டுவது கும்பகோணம் பாத்திரக் கடையில் வாங்கிய பித்தளைத் தாயக்கட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், ஆர்வமில்லாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம். கட்டை ஒன்றுக்கு நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டை உருட்டினால் பதினாறு வகையில் விழும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அது பதினாறில் ஒரு வகை. ஆறும் ஒன்றே. தாயம் இரண்டு, ஐந்து இரண்டு, இரண்டும் நான்கும் மும்மூன்று, மூன்று மட்டும் நான்கு வகை. ஆக, மூன்று அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால் பதினாறில் பதினொரு வாய்ப்பு, நான்கென்றால் ஏழு, ஐந்தென்றால் நான்கு, ஆறென்றால் இரண்டு. எளிது, கடினம், அரிது என்று நடுவர் சொல்ல வேறென்ன வேண்டும்? பன்னிரண்டு விழும் வாய்ப்பு, இருபது முகப் பகடையில் இருபது விழுவதைவிடச் சற்று அதிகம். தாயம் விழுந்தால் எங்கள் ஆட்டத்தில் செய்ய நினைத்தது நடக்காது, ஆனால் மறுபடி உருட்டி வேறு வழி ஒன்றைக் கேட்கலாம். இந்த விதி முழுவதும் அரைப் பக்கம். பாட்டிகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

அரைப் பக்க விதியின் பலத்துக்கு அந்த 1981ஆம் ஆண்டுப் புத்தகத்திலும் சான்று இருக்கிறது. எதிரே ஓர் அரக்கன் வந்தால் உடனே சண்டை என்று அதில் கிடையாது. இரண்டு சாதாரணப் பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டு விழுந்தால் அவன் பாய்வான், பன்னிரண்டு விழுந்தால் நட்புக் கொண்டாடுவான், ஆறு முதல் எட்டு வரை விழுந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பான். ஆறு முதல் எட்டு என்பது முப்பத்தாறில் பதினாறு வகை. அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவான சந்திப்புகளில் அரக்கன் குழம்பி நிற்கிறான், ஆட்டக்காரர்கள் ஏதாவது பேசியாக வேண்டும். எங்கள் வயல்வெளியில் வந்த கொள்ளிவாய்ப் பிசாசு அப்படித்தான் தயங்கி நின்றது. எங்களோடு ஆடும் அண்ணி அதனிடம், “உனக்குக் குளிர்கிறதா?” என்று கேட்டார். அதன் பிறகு பிசாசு எங்கள் கதையை விட்டுப் போகவே இல்லை. அரக்கர் புத்தகத்தின் 352 பக்கத்தில் நாங்கள் எடுத்தாண்டது பத்துப் பதினைந்து இருக்கலாம். ஆனால் அந்த அரைப் பக்கத்தை எடுக்காமல் ஓர் ஆட்டமும் போனதில்லை.

இதுவரை என் கட்சி தெளிவாகத்தான் இருந்தது: பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயத்துக்கு விதி வேண்டாம், தெரியாததற்கு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அப்போதுதான் சித்தி மகன் ஒன்று கேட்டான். “அண்ணா, தெரிந்தால் விதி வேண்டாம் என்கிறாய். நீர் பாய்ச்சுவதைப் பற்றி இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பிறகு ஏன் முறை வைக்கிறார்கள்?”

சரியான அடி. ஆற்றில் நீர் நிறைந்து ஓடுகிற ஆண்டில் முறைப்பாசனத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேட்டூரில் நீர் குறைந்தால் முறை வந்துவிடும். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. நீரைப் பற்றித் தெரியாததால் வந்த விதியில்லை அது. எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் பங்கு உண்டு, அதனால் வந்தது. தலைமடைக்காரருக்கு முறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீர் வரும். கடைமடைக்காரருக்குத்தான் அது எழுத்தில் இருக்க வேண்டும். மாமாவின் தீர்ப்பை நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டதற்கும் இதில் விடை இருக்கிறது. அவருக்கு நீர் தெரியும் என்பது பாதி. அந்தப் பாசறைப் பக்கம் அவருக்கு வயல் இல்லை என்பது மீதி.

பாயிலும் தலைமடை, கடைமடை உண்டு. எங்கள் குழுவில் விதைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களில் பேசுகிறவர். எந்த அணியில் போட்டாலும் வெல்லுவார். மெலிந்த விதிகளோடு ஆடும்போது அவர்தான் ராஜா. சுங்கக்காரரா, அரண்மனைக் காவலரா, பூதமா, யார் வந்தாலும் அவர் பேசத் தொடங்கினால் நடுவராகிய நானே மயங்கிவிடுவேன். அவருடைய பாத்திரம் ஊமைக்குச் சற்று மேலான ஒரு முரட்டு வீரன் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அண்ணியின் பாத்திரம் வேதாரண்யத்திலிருந்து உப்பு ஏற்றி வரும் வணிகப் பெண். பேசியே ஊர் ஊராகச் சரக்கை விற்றவள் என்று நோட்டில் எழுதியிருக்கிறது. ஆனால் அண்ணி இயல்பில் அதிகம் பேசாதவர். சுங்கச்சாவடியில் அவர் இரண்டு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் விதைக்கடைக்காரர் உள்ளே புகுந்து முடித்துவைத்துவிடுவார்.

ஒருநாள் அண்ணி சொன்னார்: “நான் நன்றாகப் பேசுகிறேனா என்று பார்க்காதீர்கள் தம்பி. என் உப்புக்காரி நன்றாகப் பேசுவாளா என்று பாருங்கள். அவர் வாளைச் சுழற்ற வேண்டுமென்றால் எழுந்து நின்று சுழற்றிக் காட்டவா சொல்கிறீர்கள்?”

விதியைக் குறைக்கச் சொல்லும் எந்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்விக்கு நேரான பதிலை நான் படித்ததில்லை. நடுவரின் தீர்ப்பு போதும் என்பவர்கள் பெரும்பாலும் நடுவர்கள். அல்லது நடுவரை மயக்கத் தெரிந்தவர்கள். கூச்ச சுபாவம் உள்ளவருக்கும், நேற்று வந்து சேர்ந்தவருக்கும், நடுவரின் சிறுவயது நண்பராக இல்லாதவருக்கும், “இதோ, இந்தப் பக்கத்தில் என்னால் முடியும் என்று போட்டிருக்கிறது” என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வரி வேண்டும். சித்தி மகனின் ஆயிரம் பக்கம் அவனுக்கு ஏன் பிடித்தது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கல்லூரி விடுதியில் மூத்த மாணவர்கள் நடுவர்களாக இருந்த குழுவில்தான் அவன் இந்த ஆட்டத்தைக் கற்றான். அங்கே அவன் கையில் புத்தகம் மட்டும்தான் இருந்தது.

இப்போது எங்கள் நோட்டில் பேச்சுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. பேசுகிறவர் என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம், பேசியும் காட்டலாம், பேசாமலும் இருக்கலாம். உருட்ட வேண்டிய எண்ணைப் பாத்திரத்தின் திறமைதான் முடிவு செய்யும். விதைக்கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு தன் முரட்டு வீரன் பேச முயன்று சொதப்புவதை அவரே ரசித்து நடிக்கத் தொடங்கிவிட்டார். அதிலும் கைதட்டல் வாங்குகிறார், அது வேறு விஷயம்.

நடுவருக்கும் ஒரு வயல் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு யாளியை நாள்கணக்கில் யோசித்து உருவாக்கியிருப்பார். அது முதல் மூன்று அடியில் சாகப்போகிறது என்றால் கை சும்மா இருக்காது. ஆகவே சாவு வருகிற இடத்தில் எல்லாம் கட்டையை நடுப்பாயில், எல்லோரும் பார்க்க உருட்ட வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறோம். நான் முழு மனதோடு எழுதிய விதி என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எதற்குப் பரிசு என்பதையும் எழுதித்தான் வைக்க வேண்டும். அந்தப் பழைய பதிப்புகளில் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு பொற்காசுக்கு, பாத்திரம் வளர உதவும் ஓர் அனுபவப் புள்ளி. அரக்கனைக் கொன்றால் கிடைப்பது அதைவிடக் குறைவு. இந்த ஒரு வரியால் ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்துவிட்டுப் பொன்னைக் கிளப்பிக்கொண்டு போகும் வழியைத் தேடினார்கள். நாங்கள் பொன்னை எடுத்துவிட்டு நெல்லை வைத்தோம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கடைமடை ஊர் ஒன்றின் களஞ்சியத்தில் போய்ச் சேரும் கலம் ஒன்றுக்கு ஒரு புள்ளி. நெல்லைப் பொன்போல இடுப்பில் முடிந்துகொண்டு போக முடியாது. வண்டி வேண்டும், மாடு வேண்டும், வழியில் மழை பெய்யக் கூடாது, சுங்கம் கட்ட வேண்டும். பாதிக் கதை தானாக வந்துவிடுகிறது. ஒரு பக்க ஆட்டங்களில் எனக்குள்ள குறை இங்கேதான். ஒரு மாலைப்பொழுதுக்கு அவை அருமை. மாதக்கணக்கில் ஆடும்போது பாத்திரம் எதை நோக்கி வளர்கிறது என்பதை யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும்.

சித்தி மகனும் நானும் இப்போது ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். 2023 ஜனவரியில், மற்றவர்கள் விதிகளை எடுத்தாள அனுமதிக்கும் ஆட்ட உரிமத்தை வெளியீட்டு நிறுவனத்தார் திருத்தப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்து உலகம் முழுவதும் ஆட்டக்காரர்கள் கொதித்த பிறகு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்தாளலாம், தமிழிலும் கொண்டுவரலாம். நானூறு பக்கத்தை ஒட்டிய தொகுப்பு அது. அவன் மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கிறான், மந்திரங்களிலிருந்து. பாயில் உட்கார்ந்திருக்கும் யாராவது, எனக்கு இது இல்லாததால் இழப்பு வந்தது என்று சொன்னால், அதற்கான பக்கம் அவன் மொழிபெயர்ப்பிலிருந்து நோட்டுக்கு ஏறும். கெட்டிக்காரத்தனத்துக்காக யாரும் கேட்டால் ஏறாது. எது இழப்பு, எது கெட்டிக்காரத்தனம் என்று யார் சொல்வது என அவன் கேட்டான். அண்ணி சொல்லட்டும் என்று முடிவாகியிருக்கிறது.

முதல் வழக்கே அண்ணியுடையதாகப் போய்விட்டது. வெள்ளக் காலத்துக் கொள்ளிடத்தை நீந்திக் கடக்க ஒரு விதி வேண்டும் என்கிறார். உப்புக்காரியின் மகன் அக்கரையில் இருக்கிறான், படகு போய்விட்டது. மாமா இதற்கு விதியே கூடாது என்கிறார். “நீந்த முடியாது அம்மா. கரையில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். உருட்ட எண்ணே இல்லை.” நோட்டில் ஆறுக்கு மேல் என்று போடுங்கள் என்கிறார் அண்ணி. ஆறுக்கு மேல் தாயக்கட்டையில் இருப்பது பன்னிரண்டு மட்டும்தான், பதினாறில் ஒன்று. சித்தி மகன் தன் தொகுப்பில் நீச்சலுக்குத் தேடிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.